வேரை விட்டு வைத்த டாக்டரம்மாவுக்கு

இன்று காலை தூள் உலர்த்துகிற ட்ரையர் பக்கம் போனதும் எனக்குப் பகீரென்றது, டாக்டரம்மா. எங்கள் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற செல்வி, இடது கன்னம் உப்பி, ஒரு கண் பாதி மூடி, சுவரோரமாக நிற்கிறாள். ட்ரையரிலிருந்து அப்போதுதான் இறங்கிய தூளைத் துணியில் முடிந்து கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். சூட்டுத் தூளும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை வந்ததோ இல்லையோ, எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ஏ புள்ள, எடு அதை! எடுங்கிறேன்ல!"

"கடவாப்பல்லு வலி உசுரு போகுதுண்ணே. இதை வச்சாத்தான் கொஞ்சம் இதமா இருக்கு."

"இதமாத்தான் இருக்கும். சாயங்காலம் மூஞ்சி பூசணிக்காயா நிக்கும்போது தெரியும்!"

முடிச்சைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டு, அவளைக் கையோடு ஜீப்பில் ஏற்றி ஆனைக்கரைக்கு அனுப்பினேன். அங்கே உங்கள் கிளினிக்கை இப்போது பார்த்துக்கொள்கிற பெண் டாக்டர் நல்ல மாதிரி. மதியமே போன் பண்ணிச் சொன்னார்: சீழ் வெளியே பரவவில்லை, மருந்து கொடுத்திருக்கிறேன், வீக்கம் வடிந்ததும் பல்லைப் பார்க்கலாம் என்று. மனசு ஆறியது. செல்வியிடம் நான் போட்ட சத்தம் ஒரு காலத்தில் நீங்கள் என்னிடம் போட்ட சத்தம்தான். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மலையில் பல் வலிக்கு இதுதான் வைத்தியம். ஊரில் செங்கல்லைச் சுட வைப்பார்கள், தவிட்டை வறுத்துக் கட்டுவார்கள். தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறவனுக்கு எதற்கு அந்தச் சிரமம்? ட்ரையர் வாயில் கை நீட்டினால் சூடு. எனக்கு இடது கடைவாயில் ஞானப்பல் வலி எடுத்தபோது நானும் அதைத்தான் செய்தேன். டீ மேக்கர் அல்லவா, யார் என்னைத் தடுப்பது? நல்ல தூளாகப் பார்த்து, கெட்டியாக முடிந்து, மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் குத்தியது.

அப்படித்தான் என் வீட்டுக்காரி என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நீங்கள் ஏறிட்டுப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஏனுங்ண்ணா, கன்னத்தை வேக வெச்சீங்களா?"

என்னால் பேச முடியவில்லை. அவள்தான் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"வெளியிருந்து சூடு வெச்சா, உள்ள இருக்கற சீழு தோலைப் பாத்து வருமுங்க. கழுத்துக்கு எறங்குச்சுன்னா மூச்சே அடைக்கும். டீத்தூளைக் குடிக்கறதுக்குச் செய்யறீங்களா, கன்னத்துல கட்டறதுக்குச் செய்யறீங்களா?"

ஒரு பொம்பளை, அதுவும் உங்கள் ஊர்க் கொல்லங்கோட்டுப் பேச்சில் இவ்வளவு மரியாதையாக என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. கோபப்படவும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று சைகையில் கெஞ்சினேன். நீங்கள் அசையவில்லை. வீங்கிய இடத்தில் கத்தி வைக்கமாட்டேன், முதலில் மருந்து, அப்புறம் படம், அதற்கப்புறம்தான் பேச்சு என்றுவிட்டீர்கள்.

வீக்கம் வடிந்து, தாடையைச் சுற்றி எடுக்கிற ஸ்கேனும் எடுத்து வந்தபின், கம்ப்யூட்டர் திரையில் காட்டினீர்கள். என் ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் பாதி எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. தலை முன்னாலிருந்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வேருக்கும் நடுவில் ஒரு கோடு.

"இது நரம்புங்ண்ணா. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி இது வழியாத்தான் போகுது. உங்க வேரு ரெண்டும் அதைக் கட்டிப்புடிச்ச மாதிரி இருக்குதுங்க. நாக்குக்குப் போற நரம்பு வேற, பக்கத்துலயே உள்ளார ஓடுது. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டீ மேக்கர்."

"கேன்டீன்லீங்களா?"

அடடா! என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கொழுந்து வாட்டுவதிலிருந்து தூள் மூட்டை கட்டுவது வரைக்கும் ஃபேக்டரியே என் பொறுப்பு என்று நான் படபடவென்று விளக்கினேன். தினமும் காலையில் முந்தின நாள் தூளையெல்லாம் ருசி பார்த்து, எங்கே தப்பு நடந்தது என்று சொல்வது என் நாக்கு என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "நான் வந்து பாக்கோணுமுங்க, நீங்க எப்படி ருசி பாக்கறீங்கன்னு" என்றீர்கள்.

எந்த டாக்டர் இப்படி வருவார்? சும்மா சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மலையேறி வந்துவிட்டீர்கள். மழைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ருசி மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றீர்கள். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. நான் கரண்டியில் எடுத்து உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்கு நீங்கள் துள்ளி விழுந்தீர்கள்.

"யப்பா! எங்கூட்ல இப்படிக் குடிச்சா எங்கம்மா எந்திரிச்சுப் போகச் சொல்லும்."

"காத்தும் டீயும் சேந்து உள்ள போகணும் டாக்டரம்மா. அப்பத்தான் நாக்கு முழுக்கப் படியும், மூக்குக்கும் ஏறும்."

"உதடு ஒரு பக்கம் மரத்துப்போனா?"

அப்படி நான் யோசித்ததே இல்லை. கீழுதட்டின் இடது பக்கத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. டீ மோவாய் வழியாக இறங்கிச் சட்டையில் கொட்டியது. கரண்டியைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்த நேரம். நாக்கும் உதடும் போன டீ மேக்கரை ஃபேக்டரி எங்கே வைத்துக்கொள்ளும்? எனக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது, டாக்டரம்மா. உங்கள் முகத்திலும் விளையாட்டுப் போய்விட்டது.

துணியெடுத்து நீட்டியபடி சொன்னீர்கள்: "தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேரை அப்படியே விட்டுரலாமுங்ண்ணா. நரம்புகிட்டயே போகவேண்டாம்."

பயத்தில் இருந்தவனுக்கு அதைக் கேட்டதும் கோபம் வந்ததே, அதை என்ன சொல்ல! வேரோடு பிடுங்கத்தானே டாக்டரிடம் போகிறோம்?

"களை எடுக்கிறவன் வேரை விட்டுட்டு வருவானா? நாளைக்கு மறுபடி வலிச்சா?"

"களை இல்லீங்ண்ணா, அது உங்க பல்லு. மேல முளைச்சு நிக்கறதுதான் அழுக்கைச் சேத்துது, சீழ் புடிக்குது. வேருக்கு நோவில்லீங்க. மேல எலும்பு மூடிக்கும். எப்பவாச்சும் தொந்தரவு குடுத்தா அன்னிக்கு எடுத்துக்கலாம்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் அரைமனதாகவாவது தலையாட்டியிருப்பேன். நீங்கள் மறைக்கிற ஆள் இல்லையே. "இன்னொண்ணும் சொல்லிப்போடறனுங்க. தலையை வெட்டறப்ப வேரு ஆடிப்போச்சுன்னா விட்டு வெக்க முடியாது. ஆடுன வேரு அழுகிப்போயிரும். அப்ப எல்லாத்தையும் எடுத்தே ஆகோணும், நரம்புக்கு என்ன ஆனாலும் சரி" என்றீர்கள்.

நான் முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "டீயப் பத்தி நீங்க சொன்னா ஃபேக்டரியே கேக்குதுல்ல. பல்லப் பத்தி அவுக சொன்னா நீங்க கேட்டா என்னவாம்?" சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் உங்களுக்குப் போன் பண்ணி, சரி என்றேன்.

ஆபரேஷன் அன்று நாற்காலியில் சாய்ந்ததும் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டு, உதடும் நாக்கும் மரத்ததும், "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகையே வந்தது. அந்தப் பக்கம் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்படித்தான் இருக்குமா இனிமேல்? கொழகொழவென்று ஏதோ உளறினேன். நீங்கள் என் தோளில் கை வைத்து, "இது சாயங்காலம் போயிருமுங்ண்ணா. போகோணும்னுதானே இந்தப் பாடு" என்றீர்கள்.

அப்புறம் மெஷின் சத்தம். தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் செய்தீர்கள்: இப்போது ஈறைத் திறக்கிறேன், இப்போது அழுத்தும், இப்போது 'டக்'கென்று கேட்கும், பயப்படாதீர்கள். அந்த 'டக்' கேட்டது. பல்லின் தலை தனியாக வந்துவிட்டது என்று தெரிந்தது. உடனே உங்கள் பேச்சு நின்றுபோயிற்று. மெஷினும் நின்றது. பக்கத்தில் நின்ற நர்ஸ் சேச்சியின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. எதையோ வைத்து மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறீர்கள், வேர் ஆடுகிறதா என்று. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஊரில் இருக்கிற சாமி, எஸ்டேட் சாமி, யாரையும் விடவில்லை.

"அசையலீங்ண்ணா" என்றீர்கள்.

முகமூடிக்கு மேலே உங்கள் கண் சிரித்தது. அந்த ஒரு வார்த்தையைப் போல இனிப்பானது எதையும் நான் காதால் கேட்டதில்லை.

தையல் போட்டு முடித்தபின் நீங்கள் சொன்ன பத்தியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சூடாக எதுவும் கூடாது. உறிஞ்சக் கூடாது. துப்பக் கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடுமாம். "நான் பாக்கிற உத்தியோகமே சூடா உறிஞ்சித் துப்புறதுதான் டாக்டரம்மா!" என்று பஞ்சுக்கு நடுவிலிருந்து கத்தினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் சேச்சி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானும் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எறும்பு ஊர்வது போல. பிறகு நகம் பட்டது. பிறகு வலித்தது. "வலிக்குதுடி!" என்று நான் போட்ட சத்தத்துக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். பல் பிடுங்கப் போய் வலிக்கிறது என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர்கள் பார்த்ததில்லை.

நீங்கள் உத்தரவு கொடுத்த நாள் வரும்வரை வேறொருவர் ருசி பார்த்தார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிக்கவும் முடியாமல் தவித்தேன். கடைசியில் கரண்டியைக் கையில் எடுத்த காலையில், வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் உறிஞ்சிப் பார்த்தேன். துவர்ப்பு, காரம், மூக்கில் ஏறுகிற மணம். வலது பக்கம் தெரிந்ததெல்லாம் இடது பக்கமும் தெரிந்தது. உடனே உங்களுக்குப் போன் பண்ணினேன். "எல்லாம் இருக்கு டாக்டரம்மா" என்று சொல்ல மட்டும்தான் முடிந்தது.

அதற்கப்புறம் நமக்குள் டாக்டர், பேஷண்ட் என்பதெல்லாம் எங்கே இருந்தது? குமுளிக்குப் போகிற வழியென்று சாக்குச் சொல்லி வருவீர்கள். ருசி மேசையில் எதை எடுத்தாலும் "நல்லாத்தானுங்க இருக்குது" என்பீர்கள். சுமாரான தூளையும் நல்லது என்று சொல்கிற நாக்கை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று கேட்பேன். வருஷம் ஒருமுறை என் தாடையைப் படம் எடுத்துக் காட்டுவீர்கள். வேர்கள் நரம்பை விட்டு மெல்ல மேலே நகர்ந்திருந்தன, மேலே எலும்பு மூடியிருந்தது. "இனி எடுத்தாலும் பயமில்லீங்க. ஆனா சும்மா இருக்கறதை எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?" என்பீர்கள். நானும் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அவை என் தாடைக்குள்தான் இருக்கின்றன. கிளினிக்கில் இப்போது இருக்கும் டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போய்க் கொல்லங்கோட்டுக்கே திரும்பியபின் போனில்தான் பேச்சு. குரல் இளைத்துக்கொண்டே வந்தது, கிண்டல் மட்டும் இளைக்கவில்லை. போன மழையில் நீங்கள் போய்விட்டீர்கள் என்ற செய்தி வந்தபோது என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. ரோடு இடிந்து கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபின்தான் நானும் வீட்டுக்காரியும் வந்து சேர்ந்தோம். வயல் பக்கம் பார்த்த உங்கள் வீட்டில் உங்கள் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். நீண்ட நேரம் பாத்திரம் உருளும் சத்தம். டம்ளர்களோடு வந்தார்.

"நானே போட்டனுங்க. இதுக்கு முன்னால போட்டதில்லீங்க."

டம்ளர் உதட்டில் பட்டதும் சூடு தெரிந்தது. இந்தப் பக்கமும் தெரிந்தது, அந்தப் பக்கமும் தெரிந்தது. ஒரு வாய் குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லீட்டே இருப்பாளுங்க, எங்க போனாலும் டீயில குத்தம் கண்டுபுடிப்பாருன்னு. எப்படிங்க இருக்குது? மறைக்காமச் சொல்லுங்க."

வீட்டுக்காரி என் முழங்கையை இடித்தாள். எனக்குப் பொய் வரவில்லை, டாக்டரம்மா.

"தூளு பழசுங்க. ரொம்பக் கொதிச்சிருச்சு. பாலு லேசா அடிப்பிடிச்சிருக்கு. இஞ்சியக் கடைசியில போட்டிருக்கீங்க, அது இன்னும் பச்சையா நிக்குது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு தெரியுதுங்களா?"

"எல்லாம் தெரியுதுங்க. அவுக ஒண்ணையும் தொலைய விடல" என்றேன். டம்ளரில் இருந்ததை முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன்.