நைனாவின் கையைச் சுளுக்கிய விரால்

ஸ்ரீ வேதநாராயண சுவாமி துணை

நாகலாபுரம்,
சனிக்கிழமை.

அன்பு மகன் அஷ்வினுக்கும் மருமகள் கன்னிகாவுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம். அந்தக் குளிர் தேசத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று விளக்கு ஏற்றும்போதே பெருமாளிடம் சொல்லிவிட்டேன். இங்கே நாங்கள் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று திகைக்காதே. நான் போனை எடுத்தால் உன் நைனா எங்கே இருந்தாலும் வந்து ஸ்பீக்கரில் போடு என்பார், எனக்கோ அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்டி அனுப்பத் தெரியாது. அவர் இப்போது கைக்கட்டைப் பிரிக்கப் புத்தூர் போயிருக்கிறார். பஸ் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துப் பக்கத்து வீட்டுப் பிரியங்காவிடம் கொடுத்தால் அவள் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் நம்மிடம் தமிழ்தான் பேசுவாள் என்றாலும் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம், ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். நான் பாசுரப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்றுக்கொண்ட தமிழ் இது, உனக்கும் சொல்லிக்கொடுத்தது, மறந்திருந்தால் எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படி. பதிலை மட்டும் எழுத்தாகப் போடாதே, நைனா என் போனையும் எடுத்துப் பார்ப்பார்.

மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்தது, பனியில் பாதி கருகிவிட்டது. பிரியங்காவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். கோயிலில் சூரிய பூஜைக்குப் பந்தல் போடப் போகிறார்கள். இதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் நைனா உனக்கு ஒரு பெரிய விரால் கதை சொன்னார் அல்லவா, என் தொடை தண்டிக்குக் கீதுடா, கைய அப்டியே முறுக்கிட்ச்சி, நரம்பு பிசகிப் புத்தூர்ல கட்டு போட்டுகினு வந்தேன் என்று, நீயும் விழுந்து விழுந்து சிரித்து, நைனா அவன விடாதே, அவனுக்குன்னே தூண்டில்ல மாட்ட ஒரு பெரிய ரப்பர் தவளை அனுப்புறேன் என்றாயே, அந்த மீன் கிடையாது அஷ்வின். அன்றைக்கு எந்த மீனும் இழுக்கவில்லை. நைனாவுக்குச் சுகர் இறங்கித் தண்ணீரில் சாய்ந்துவிட்டார்.

போன ஆவணியில் இருந்து அவருக்கு இன்சுலின் ஊசி. உனக்குச் சொல்லக்கூடாது என்று பெருமாள் படத்தின் மேல் கை வைத்து என்னிடம் சத்தியம் வாங்கினார், இன்று அதை உடைக்கிறேன், அந்தக் கணக்கை நான் பெருமாளோடு பேசிக்கொள்கிறேன். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் வெளியே போகவே கூடாது என்று திருப்பதி டாக்டர் இரண்டு முறை சொன்னார். பேனா மாதிரி இருக்கிற ஊசி, இவரே போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொண்டு, நான் டப்பாவில் வைத்துக் கொடுக்கிற இட்லியையும் எடுத்துக்கொண்டு, இருட்டோடு ஏரிக்குப் போய்விடுவார். டப்பா காலியாகத்தான் திரும்பும், சட்னி மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். சட்னி இல்லாமல் இட்லி இறங்காத மனிதர் இவர். எனக்கு அப்போதே சந்தேகம், கேட்டால், மீன் வாசனைக் கையோட சட்னி தொட முடியுமா மே என்று என்னையே மடக்குவார். இட்லியை உதிர்த்துத் தண்ணீரில் போட்டு மீனைக் கூட்டியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இதைச் சொன்னவன் ஏரியில் வலை போடுகிற ரமணா. நைனா அவனிடம் யாருக்கும் சொல்லாதே என்று கெஞ்சியிருக்கிறார், அவன் இரண்டு நாள் அடக்கிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் இவர் இல்லாத நேரமாக வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான். யக்கா, கண்டக்டரண்ணன் குட்சிட்டு வந்து தண்ணில குந்திகினு கீறாருன்னு நெனச்சேன், கழுத்து வரைக்கும் தண்ணி, கிட்ட போனா என்னப் பாத்து டிக்கெட் எடு, டிக்கெட் எடுன்றாரு, இன்னாண்ணே ஏரில டிக்கெட்டுன்னு சிரிச்சிட்டேன் யக்கா, அப்பறம் வாய மோந்து பாத்தேன், வாசன இல்ல, நெத்தியெல்லாம் வேர்வ, எங்கம்மாவுக்கும் சுகரு தானே, எனக்குப் புரிஞ்சிபோச்சி என்றான். டீக்கு வைத்திருந்த சர்க்கரையை இவர் வாயில் கொட்டி, கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அந்த இழுப்பில்தான் கை பிசகியது. மயக்கத்திலும் அந்த ரப்பர் தவளைய வுடமாட்டேன்றாரு யக்கா, நான் கரைக்கு இழுக்குறேன், அவரு தவளைய இழுக்குறாரு என்று சொல்லிச் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான், அதற்குப் பதில் அண்ணன ஒழுங்கா ரெண்டு துன்னுட்டு வரச்சொல்லு யக்கா என்றான்.

நைனாவிடம் நான் இதைக் கேட்கவில்லை. கை என்ன ஆயிற்று என்றதற்கு முதலில் வழுக்கிட்ச்சி என்றார், உன்னிடம் போனில் பேசும்போது அதுவே விரால் ஆகிவிட்டது. பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், கண்டக்டராகப் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்கூட அவர் அப்படி உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. உன் முன்னால் நோயாளியாக நிற்க அவருக்கு மனசு வரவில்லை அஷ்வின். நீ கன்னிகாவைக் கட்டிக்கொண்டதில் இருந்து போன வருஷம் நீங்கள் வந்து போகும் வரைக்கும் அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாப்டானா கேளு, மழை பெய்யுதா கேளு என்று என்னைத்தான் ஏவுவார். நீ அவரை ஏரிக்குக் கூட்டிப்போய் அந்தத் தூண்டில் ராடைக் கையில் கொடுத்த பிறகுதான் சனிக்கிழமை ஆனால் போதும், பொழுது சாயும்போதே போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு மீன் பிடிப்பதே பிடிக்காது என்று உனக்குத் தெரியும், நம் பெருமாளே மச்சாவதாரம் எடுத்து மீனாக நிற்கிறவர், அவர் சந்நிதியில் போய் மீன் பிடிக்கிறவரைக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு கேட்பது, இருந்தும் தினமும் கேட்கிறேன். அந்தத் தூண்டிலைப் பிடுங்கி எறிந்தால் உங்கள் பேச்சும் அதோடு போய்விடும் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு எனக்கும் உங்கள் பாடம் கொஞ்சம் தெரியும். முதலில் நீ பாஸ் பாஸ் என்றபோது ஆபீஸ் முதலாளியைப் பற்றித்தான் பேசுகிறாய், அவரை எதற்குக் கொக்கி போட்டு இழுக்கிறாய் என்று பயந்தேன், அது அந்த ஊர் மீனின் பேர் என்று பிறகுதான் புரிந்தது. நீ அங்கே உன் ஏரி மீனுக்குச் சொல்வதையெல்லாம் இவர் இங்கே விராலுக்கு மாற்றிக்கொள்வார். மழைக்காலத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதக்கிற இடத்தில் வீசாதே நைனா, காவல் நிற்கிற தாயைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் போய்விடும் என்றாய், அன்றைக்கு உனக்கு மனசுக்குள் திருஷ்டி சுற்றிப் போட்டேன். மார்கழி தையில் மீன் சோம்பிப்போய் அடியில் கிடக்கும், வெயில் ஏறித் தண்ணீர் சூடானால்தான் வாய் திறக்கும், கனமான இரையை அடியோடு மெதுவாக இழு என்றாய், இவரும் டிபன் முடித்து வெயில் வந்த பிறகே கிளம்பினார், அந்த இரண்டு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நீ பாடத்தை மாற்றினாய். இனிமேல் விடிவதற்கு முன்னால்தான் கடிக்கும், அல்லி படர்ந்த ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மேலே மிதக்கிற தவளையை வீசு என்றாய். நீ தெரியாமல் சொன்னாய், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வெறும் வயிற்றில், ஊசி போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத அல்லி மேட்டில் அவரை நிற்க வைத்தது அந்தச் சொல்தான். சாயங்காலமும் கடிக்கும் என்பாய், பொழுது சாய்ந்தால் இவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, அது இன்னும் மோசம்.

நான் என் பங்குக்கு முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் ஊசியை ஒளித்து வைத்தேன், கோபத்தில் ஊசியே போடாமல் போய்விட்டார், அன்று சுகர் தலைக்குமேல் ஏறி டாக்டரிடம் நான்தான் திட்டு வாங்கினேன். ரமணாவைக் கூடவே இருக்கச் சொன்னேன், வலையப் பாப்பனா அவரப் பாப்பனா யக்கா என்கிறான், அதுவும் நியாயம்தானே, மேலும் மாங்காய் வந்துவிட்டால் அவன் சித்தூர்ப் பக்கம் ஜூஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போய்விடுவான், அப்புறம் ஏரியில் காக்கைகூட இருக்காது. இன்று கட்டைப் பிரிக்கிறார்கள். நீ ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பிய பெரிய தவளை வியாழக்கிழமையே வந்துவிட்டது, சாமி அறைக்கு எதிரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், நான் விளக்கு ஏற்றப் போகும்போதெல்லாம் அது என்னை முழித்துப் பார்க்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போகப்போகிறார். அதே அல்லி மேடு. அங்கேதான் அவன் கீறான், என் கைய முறுக்கினவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டாரோ என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் இன்று நீ போன் செய்யும்போது நான் சொல்கிறபடி பேச வேண்டும். போகாதே என்று சொல்லாதே, போவார். சுகர் என்ற வார்த்தையே உன் வாயில் வரக்கூடாது, வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்து அடுத்த சனிக்கிழமையில் இருந்து உன்னிடம் பேசமாட்டார். அந்த விராலைப் பற்றியே கேள். எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டு அவரைப் பேசவிடு, நன்றாகச் சொல்லட்டும். பிறகு சொல், நைனா, அவ்வளவு பெரிய மீன் ஒருமுறை முள் பட்ட இடத்துக்குத் திரும்பி வராது, வெயில் காலத்தில் பெரியது ஆழம் தேடிப் போய்விடும், உங்கள் ஏரியில் ஆழம் மதகுப் பக்கம்தான், அங்கே வெயில் ஏறிய பிறகு கரைமேல் நின்றுகொண்டு, அடியில் போகிற இரையைப் போட்டு மெதுவாக இழு, எட்டு மணிக்கு முன்னால் போய்ப் புண்ணியம் இல்லை என்று சொல். அவரால் மறுக்க முடியாது அஷ்வின். மறுத்தால் அப்படி ஒரு மீனே இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போகும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய், நான் கேட்டேன், அதனால் முழுப் பொய்யும் இல்லை. மீன் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை மட்டும் விட்டுவிடு. அந்த விரால் எங்கே போனது என்று சொல்வது பொய்யா என்று ராத்திரி யோசித்தேன், இல்லாத மீன் அல்லி மேட்டில் இருந்தால் என்ன, மதகில் இருந்தால் என்ன. மதகுக் கரையில் பெரிய ரோடு, எதிரில் டீக்கடை, ஆட்டோக்காரர்கள் எப்போதும் நிற்பார்கள். பக்கத்திலேயே கங்கையம்மன் கோயில், நான் சுற்றுகிற சாக்கில் அங்கே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிபனை வீட்டிலேயே என் கண் முன்னால் சாப்பிட வைத்துவிடுவேன், எட்டு மணி வரைக்கும் வீட்டில் இருந்தால் அது என் பொறுப்பு.

இன்னொன்று. அந்தப் பெரிய தவளையை நாளைக்கு எடுக்காதே, அது ஆழத்துக்கு உதவாது என்று மறக்காமல் சொல். அது கையில் இருந்தால் கால் தானாக அல்லி மேட்டுக்குப் போகும். அடியில் போகிறது ஏதாவது இரண்டு அனுப்பு. நீங்கள் அடுத்த முறை வரும்போது அவரே உன்னிடம் ஊசியைக் காட்டும்படி நான் பக்குவமாகச் செய்கிறேன், அது வரைக்கும் உனக்கு ஒன்றும் தெரியாது. கன்னிகாவிடம் சொல், அவள் அனுப்பிய குளிர் சால்வையைத்தான் நைனா ஏரிக்குப் போர்த்திக்கொண்டு போகிறார், யார் கொடுத்தது என்று கேட்கிறவர்களிடம் மருமக என்றுதான் சொல்கிறாராம், ரமணா சொன்னான். நீயும் உன் ஏரியில் தனியாகப் போகாதே, பனி உருகுகிற காலம் என்றாய், கரையில் நில், வெறும் வயிற்றோடு போகாதே.

பஸ் ஹாரன் கேட்கிறது, நான் நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, மனசு கோணாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், வேதநாராயணர் உங்கள் பக்கம் நிற்கட்டும். இன்று பொழுது சாயும் நேரம், உனக்கு விடிகிற நேரம், தூங்கிவிடாதே, ஒரு நிமிஷம் தாமதமானாலும் அவர் நாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்கப் போய்விடுவார். பேசும்போது எப்போதும் போலச் சிரித்துப் பேசு. குரல் கம்மினால் கண்டுபிடித்துவிடுவார், உனக்குச் சளி என்று நான் பக்கத்தில் இருந்து சொல்லிச் சமாளிக்கிறேன், நீ மீனைப் பற்றியே பேசிக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா
வ. தாட்சாயணி