வலப்பக்க அறை

5-6-2003, வியாழன்

காலையிலிருந்து தூறல். மார்னிங் ஷிப்ட். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி வாசலில் கார்களுக்கு கேட் திறந்து திறந்து தோள்பட்டை வலி. கே.ஜி.எஃப் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். இப்போது செக்யூரிட்டி, கையில் ஒரு விசில்.

மனைவி ஸ்டெல்லாவின் நிபந்தனை: குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்கு மூன்று வியாழன் போக வேண்டும். போனால் மகள் அனிதாவோடு கே.ஜி.எஃப் அம்மா வீட்டிலிருந்து திரும்புவாள். இல்லாவிட்டால் அனிதாவை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவாள். பத்திரத்தில் கையெழுத்து வாங்காததுதான் பாக்கி.

விவேக் நகர். சர்ச்சில் நொவேனா ஜெபத்துக்கு வந்த ஜனம், நடக்க வழியில்லை. மூன்று பேரிடம் வழி கேட்டேன். கூட்டம் என்று சொல்லவில்லை, "டியூஷன் நடக்குமே, அந்த ஸ்கூல்" என்றுதான். ஸ்கூல் வாட்ச்மேன், நம் தொழில்காரன், கன்னடம் கலந்து, தெருவுக்கே கேட்கும்படி: "குடுகரு மீட்டிங்கா சார்? மேல ஹோகி, லெஃப்ட்டு. ஃபேமிலி எல்லா ரைட்டு."

குடிகாரர்களுக்கு இடது அறை, அவர்கள் வீட்டாருக்கு வலது அறை. இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆறு பேர். ஒருவனுக்குக் கை நடுங்கி டீ சிந்தியது. பத்து வருடம் கழித்து நான். வலது பக்கம் திரும்பினேன். அங்கே பெண்கள். நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

கூட்டத்தை நடத்தும் லீலா அக்கா: "வாங்க தம்பி. ஆம்பளைங்க இங்க வர்றதே இல்ல. வீட்ல யாரு குடிக்கிறாங்க?"

"வைஃப்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் அப்படி ஒரு நிம்மதி.

இருபது நிமிடம் பேசினேன். சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தது, தையல் மெஷினை விற்றது, பிறந்த நாள் கேக் மேல் விழுந்தது. எல்லாம் நடந்தவை. ஆளை மட்டும் மாற்றினேன். ரோஸி என்ற கண்ணாடி போட்ட பெண் அழுதாள். பிஸ்கட் கொடுத்தார்கள்.

6, வெள்ளி

ஷிப்ட் முடிந்து ஒரு நைன்ட்டி பிராந்தி. சரி, இரண்டு.

வாங்க வேண்டியவை: ஷூ பாலிஷ், ஏலக்காய், அனிதாவுக்குக் கலர் பென்சில் (மறந்தாயிற்று).

12, வியாழன்

வெயில். கூட்டத்துக்கு முன் ஒரு நைன்ட்டி, வாடை மறைக்க ஏலக்காய் நாலு. ரோஸி மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணா, ஸ்மெல் வருதே?"

"தடுக்கப் போனேன். என் மேலயே ஊத்திட்டா."

"அய்யோ, பாவி!" சட்டையைத் துடைக்கக் கர்ச்சீப் கொடுத்தாள்.

இன்று கை விஷயத்தையும் சொன்னேன். மார்ச்சில் அனிதாவின் இடது கை முறிந்தது. டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை, முறுக்கினேன். அதையும் ஸ்டெல்லா தலையில் போட்டேன். பெயரைக்கூடச் சொல்லிவிட்டேன்.

"ஒம்போது வயசுக் கொழந்தைய! அவ பொம்பளயா?" என்றார் லீலா அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெல்லா மேல். நிஜமாகவே வந்தது. இப்படிப்பட்டவளோடு எப்படி இத்தனை வருடம் குடித்தனம் செய்தேன்!

14, சனி

பூத்திலிருந்து போன்.

ஸ்டெல்லா: "நெஜமாவே போறீங்களா?"

"சத்தியமா. நல்ல ஜனங்க. மனசு லேசாவுது." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"குடிக்கலயே?"

"ஏய், ஆரம்பிக்காத."

பிறகு அனிதா. "அப்பா, இப்ப கை நேரா நீட்ட வருது."

காயின் தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். சட்டைப் பையில் இன்னும் நாலு இருந்தது.

19, வியாழன்

மேகமூட்டம். ரோஸி பேசிக்கொண்டிருந்தபோது கதவருகே ஸ்டெல்லா. தோளில் துணிப்பை, கையில் அனிதாவின் ஸ்கூல் பை. ரயில் இறங்கி நேரே வந்திருக்கிறாள். எதிர் அறையில் தேடிவிட்டு இங்கே.

"என்னங்க, உங்களுக்கு அந்த ரூம்தானே? ஸ்டெல்லா வந்திருக்கேன்னு சொல்லி அங்க கேட்டேன், உங்கள யாருக்கும் தெரியல."

ரோஸி எழுந்துவிட்டாள். "நீதானா ஸ்டெல்லா? பெத்த பொண்ணு கைய ஒடச்சிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க வந்த?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதி. குடிகாரி கத்துகிறாள் என்று ஆகியிருக்கும்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள், மெதுவாக.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த அறையில் கிடைத்த மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அதை விட மனம் வரவில்லை. தலை குனிந்துகொண்டேன்.

"சரி. நான்தான் ஒடச்சேன். போதுமா?" என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்த்தே.

"ஒத்துக்கினா பாருங்க," என்றார் லீலா அக்கா. "உனக்கு எதிர் ரூம்மா. அங்க போ."

போகவில்லை. படி இறங்கினாள். ஜன்னலில் பார்த்தேன். கீழே வாட்ச்மேன் ஸ்டூலில் அனிதா. மேலே கை காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டாள். ஸ்டெல்லா அவளைத் திருப்பி நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

அழுதேன். நடிப்பில்லை. லீலா அக்கா என் தோளில் கை வைத்தார்.

"அழாதீங்க தம்பி. பொண்ண மட்டும் அவகிட்ட விட்டுடாதீங்க. கோர்ட்டுக்குப் போங்க. அவ வாயாலயே ஒத்துக்கினத நாங்க எல்லாரும் கேட்டோம். சாட்சி சொல்றோம்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர்களை வாங்கிக்கொண்டேன். லீலா. ரோஸி. கிரேஸ். பானு. நாளை லீவு சொல்லிவிட்டு வக்கீலைப் பார்க்க வேண்டும்.