சபையிலேயே அடக்கமான பிள்ளை

மே 6, செவ்வாய்

வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கியது. மகன் அப்பாவின் சாக்ஸை வாயில் போட்டு மென்றான். ஊரில் உள்ள ஏசி எல்லாவற்றையும் பழுதுபார்க்கிற என் வீட்டுக்காரர், வீட்டு மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நேற்றும் இதையேதான் சொன்னார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த தெரு. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று நிரந்தரமாக அவரிடம் இருக்கிறது. பரலோகத்துச் சாவியும் தன்னிடம்தான் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. இந்த மாதம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: "அடக்கமான பிள்ளையை வளர்ப்பது எப்படி?"

நானா? காலையிலிருந்து தலைகூட சீவவில்லை.

எல்லாம் மகனால் வந்த பெருமை. இரண்டு வயது தாண்டிவிட்டது. சபையில் அவன் வயதுப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து பெரியவர்களின் செருப்பை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். இவன் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்தான் சபையில் மைக்செட் பார்ப்பார். அவர் காலடியில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருப்பான். டிரம்ஸ் இடியாக இறங்கும்போது சாய்ந்து தூங்கிவிடுவான். விழித்திருந்தால், எல்லாரும் கையைத் தூக்கும்போது தானும் தூக்குவான். "இவ்வளவு சத்தத்துலயும் பிள்ளைக்கு எவ்வளவு தேவ சமாதானம் பாருங்க" என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவர் வைத்த பட்டம் 'குட்டி தீர்க்கதரிசி'. சபையே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

மே 8, வியாழன்

பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன்.

முதல் குறிப்பு: பிள்ளையை அதட்டாதீர்கள். (அதட்டினாலும் அவன் கண்டுகொள்வதில்லை.)

இரண்டாவது குறிப்பு: வீட்டில் அமைதி காக்கவும். இதை எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கழுவி அடுக்கிய தட்டு அடுக்கு முழுவதும் கை தவறித் தரையில் விழுந்தது. கடைசித் தட்டு சுழன்று சுழன்று அடங்கும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகன் சோபாவில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவே இல்லை.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். கத்தினேன். விளக்கைப் போட்டேன். உடனே திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பேச்சுக் குறிப்பு அத்தோடு நிற்கிறது.

மே 9, வெள்ளி

இன்று வேண்டுமென்றே தட்டைப் போட்டேன். திரும்பவில்லை.

மே 10, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விளையாட்டு மும்முரத்தில் இருந்திருப்பான் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றார். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினைத் தவிர மற்ற எல்லாம் அக்காவிடம் கேட்டுத்தான் நடக்கும்.

நாத்தனார் சிரித்தார். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுமாம். தம்பியும் அப்படித்தானாம். (அவர் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பது என் கருத்து.) டாக்டரிடம் போகலாமா என்றதும் சிரிப்பு நின்றது.

"ஊழியத்துக்குன்னு பிரிச்செடுத்த பிள்ளை இது. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறது அவிசுவாசம். மூணு நாள் உபவாசம் இரு, அது போதும்."

அவருடைய பிரஷர் மாத்திரைக்கு இந்தச் சட்டம் கிடையாது. மூக்குக் கண்ணாடிக்கும் கிடையாது. அதெல்லாம் பழைய விசுவாசிகள் போலிருக்கிறது.

மூன்று நாள் உபவாசமாம். ஊட்டிவிட ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில், மிச்சத்தை யார் தின்பதாம்?

மே 13, செவ்வாய்

யாரிடமும் கேட்காமல் மருத்துவமனைக்கு போன் போட்டேன். காத்திருங்கள், காத்திருங்கள் என்று பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஜெபம் செய்தேன். ஆண்டவரே, எனக்கு அதிசயம் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் போதும்.

கிடைத்தது. அடுத்த செவ்வாய்.

மே 17, சனி

மூன்று நாளாகப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். முன்னால் வந்து நின்றால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறான். என் உதட்டையே பார்க்கிறான். எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? பாசம் என்றல்லவா நினைத்தேன். பாசமும்தான். ஆனால் —

எழுத ஓடவில்லை.

மே 20, செவ்வாய்

வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அக்காவிடம் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த முதல் கலகம் இது.

சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. மகனைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். சோதனை செய்த பெண் எங்களைவிட இளையவள். கணினியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு காதும். ரொம்பப் பெரிய சத்தம் மட்டும் ஏதோ லேசாகப் போய்ச் சேருமாம். காதுக்கு மெஷின் வைத்துப் பழக்கினால் கேட்கும், பேசவும் வரும், சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றாள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதற்காகவே அவளுக்கு நன்றி.

"நான் ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வெச்சதாலயாம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல சார், இது பிறவியிலேயே. ஆனா இனிமே அங்க உக்கார வெக்காதீங்க."

படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தேவ சமாதானமாம்! தீர்க்கதரிசியாம்! ஒரு பிள்ளைக்குக் காது கேக்கல, அதுக்கு ஒரு சபையே கை தட்டியிருக்கு. நானும் முன் வரிசையில உக்காந்து பல்லைக் காட்டியிருக்கேன்.

ஆண்டவர் மேலும் கோபம். எல்லாம் தெரிந்தவர்தானே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? — சொல்லித்தான் பார்த்தாரோ என்னவோ. அந்தத் தட்டு அடுக்கை வேறு யார் தள்ளிவிட்டது?

மே 24, சனி

பெண்கள் ஐக்கியக் கூட்டம். நாத்தனார் என்னை அறிமுகப்படுத்தியே கால் மணி நேரம் பேசினார். அதில் முக்கால்வாசி அவரைப் பற்றி. மகன் என் இடுப்பில். மைக்கைப் பிடித்தேன்.

"என் பிள்ளை அடக்கமா இருக்கறதுக்கு என் வளர்ப்பு காரணம் இல்ல. அவனுக்குக் காது கேக்காது. செவ்வாய்க்கிழமைதான் டெஸ்ட் பண்ணினோம். உங்க பிள்ளைங்க செருப்பைத் தூக்கிட்டு ஓடுதுன்னா சந்தோஷப்படுங்க. எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

அந்தக் கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. ஜெப வேளையில்கூட.

அதற்குள் யாரோ ஓடிப்போய்ப் பாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், சும்மா இருக்க மட்டும் தெரியாது. மகனின் இரண்டு காதிலும் விரலை வைத்து, முகத்தருகே குனிந்து, திறக்கும்படி கட்டளையிட்டார். அவர் தாடி கன்னத்தில் உரசியதும் இவனுக்குக் கூச்சம். கெக்கே பிக்கே என்று சிரித்தான்.

"சிரிக்கிறான், கேட்டுட்டான்!" என்றது ஒரு குரல். அவ்வளவுதான். அல்லேலூயாவில் கூரை எழும்பியது. நாத்தனார் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, பிள்ளை சுகமானதற்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

தாடியைக் கொண்டு செவிட்டைத் தீர்த்த முதல் சபை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மே 25, ஞாயிறு

பாஸ்டர் பிரசங்கத்திலும் சொல்லிவிட்டார். வெளியே வருவதற்குள் கைகுலுக்கல்கள், கட்டிப்பிடித்தல்கள். நான் காது மெஷினுக்கு அளவு கொடுத்திருப்பதைச் சொன்னதும் நாத்தனாரின் முகம் கறுத்தது.

"சுகம் கொடுத்த பிறகு மெஷின் வாங்கறது ஆண்டவர் முகத்துல அடிக்கற மாதிரி" என்றார். தம்பியைப் பார்த்து, "நீ சொல்லுடா இவளுக்கு" என்றார்.

வீட்டுக்காரர் மைக்செட் பக்கம் போய்விட்டார். வழக்கம்போலத்தான் என்று நினைத்தேன். கூட்டம் கலையும்வரை ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கூடம் காலியானதும் மகனை நடுவில் உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். பின்பக்கம் வந்து மைக்கை அக்காவிடம் நீட்டினார். சத்தத்தை முழுவதும் ஏற்றினார்.

"கூப்பிடுக்கா."

நாத்தனார் கூப்பிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மகன் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை."

மறுபடி கூப்பிட்டார். குட்டி தீர்க்கதரிசி என்றில்லை. அவன் சொந்தப் பேரைச் சொல்லி, தங்கமே, ராஜா, அத்தைகிட்ட வாடா என்று. பாதியில் குரல் உடைந்தது. அந்த உடைந்த குரலும் கூடம் முழுக்க ஒலித்தது. மகன் பிஸ்கட்டை எடுத்து, இரண்டாக உடைத்து, தின்றான்.

வீட்டுக்காரர் மைக்கை வாங்கி அணைத்தார்.

"நீ ஜெபம் பண்ணுக்கா, நான் நிறுத்தச் சொல்லல. ஆனா மெஷின் வரும்."

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஜெபத்தில் அவர் அழுது ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இது வேறு. இதற்கு மூக்கெல்லாம் ஒழுகியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைப் பிடிக்கும் என்று சொல்ல வரவில்லை. தனியாக அழவிட மனசு வரவில்லை, அவ்வளவே.

ஜூன் 3, செவ்வாய்

பாஸ்டர் தன் அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை. சுகம் படிப்படியாக வருகிறதாம். அப்படியே இருக்கட்டும், முதல் படிக்கு பேட்டரி போட வேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தாடியால் தெரியவில்லை.

வாஷிங் மெஷின் ஓடுகிறது. கலகக்காரர் பழுதுபார்த்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

மெஷின் வந்தது. காதில் வைத்த ஐந்தாவது நிமிடம் பிடுங்கிப் பால் டம்ளரில் போட்டான். உலர்த்தி மறுபடி வைத்தோம். சோபாவுக்கடியில் எறிந்தான்.

ஜூன் 20, வெள்ளி

பாத்ரூமில் தண்ணீர் திறந்ததற்கு அலறினான். மிக்ஸிக்கு அலறினான். தன் அழுகைச் சத்தத்தைக் கேட்டே பயந்து அலறினான். அவன் பொத்திக்கொண்ட காதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பெற்றவள் பார்த்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

சபையில் கடைசி வரிசைக்குப் போய்விட்டோம். முதல் பாட்டு தொடங்கியதும் மகன் என் தோளில் ஏறி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, ஊரைக் கூட்டினான். அப்புறம் செருப்புப் படையில் சேர்ந்துகொண்டான். முன்வரிசை அம்மா ஒருத்தி, "முன்னெல்லாம் எவ்வளவு அடக்கமா இருந்த பிள்ளை, மெஷின் வெச்சுக் கெடுத்துட்டாங்க" என்றாள்.

நான் வாயைத் திறக்கு முன்பே நாத்தனார் திரும்பி ஒரு முறை முறைத்தார். அந்த அம்மா அதன்பிறகு பாட்டுப் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை.

பட்டம் போய்விட்டது. இப்போது 'அந்த வால்' என்கிறார்கள்.

ஜூலை 12, சனி

காலையில் நாத்தனார் வந்து, நான் துணி மடிக்கிற முறை சரியில்லை என்று என் அலமாரியை முழுவதும் கலைத்து, மறுபடி அடுக்கிக் காட்டிவிட்டுப் போனார். பொறுத்துக்கொண்டேன். அவர் தெருமுனையைத் தாண்டியதும் பாத்திரம் தேய்க்கிற சாக்கில், குழாயடியில் நின்று, "வந்துட்டாங்க பெரிய மகாராணி" என்று முணுமுணுத்தேன். சத்தமாகக்கூட இல்லை.

பின்னால் என்னவோ தோன்றித் திரும்பினேன். மகன் கட்டைகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாயை மூடினேன். அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, இன்னும் மெல்ல, "மகாராணி" என்றேன்.

"ம்மா... ணி" என்றான்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அவன் வந்து என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இன்றிலிருந்து இந்த வீட்டில் யாரைப் பற்றியும் வாய்விட்டுத் திட்ட முடியாது. ஸ்தோத்திரம்.