மாசிப் பேணியின் மூடி

ராத்தா,

சீரகம் போட்ட தகரப் பேணியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குப்பி விளக்கின் திரியை நன்றாகக் குறைத்திருக்கிறேன். வாப்பா விழித்துக்கொண்டால் பள்ளிக்கூட வீட்டுவேலை செய்கிறேன் என்று சொல்ல, மேல் பக்கத்தில் இரண்டு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சீரகம் ஏன் மடியில் என்று கேட்டால், எண்ணிப் பார்க்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி நாலு மாதம். அன்றைக்கு மூன்று நாள் பிள்ளையாக இருந்த உங்கள் மகள் இப்போது குப்புறப் புரள்கிறாள்.

மூடியின் உள்பக்கத்தில் நீங்கள் கரித்துண்டால் எழுதிய கோணல் ஆங்கில எழுத்து இருக்கிறது. கியூமின். முகர்ந்தால் சீரகத்தோடு கரி வாசமும் வருகிறது.

தங்கச்சி என்னைப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் ஆறாம் வகுப்போடு உங்களைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். உம்மா தறியில் இருந்தால்தான் நம் வீட்டில் உலை ஏறும். நான் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்த முதல் நாள் அதை நீங்கள் ஈரக் கையோடு வாங்கிப் பார்த்தீர்கள். "நான் சமைக்கன், நீ வாசி கா. ரெண்டு பேரும் படிப்பம்" என்றீர்கள்.

கறி வைக்கும்போது எனக்கு நீங்கள் போட்ட சட்டம் பொல்லாதது. நீங்கள் கையை நீட்டினால் நான் பேரை ஆங்கிலத்தில் சொல்லித்தான் சாமானைத் தர வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அது சட்டிக்குள் போகாது. ஒரு நாள் டேமரின்ட் என்ற சொல் எனக்கு வரவே இல்லை. புளி இல்லாமலே மீன்கறியை இறக்கிவிட்டீர்கள். வாப்பா ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "இண்டைக்கு மீனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தீர்கள்.

பால்மாப் பேணியில் பெரிதாக இருந்த கொம்பனிப் பேரைத்தான் பாலுக்கு ஆங்கிலம் என்று நீங்கள் எனக்குப் படிப்பித்தீர்கள். மாடு என்ன தரும் என்று டீச்சர் கேட்டபோது நான் எழும்பி அந்தப் பேரைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வந்தவளிடம், "நம்மட ஊரு மாடு இன்னும் பேணிக்குள்ள போகல்ல போல" என்றீர்கள். அன்றிலிருந்து டீச்சரிடம் கேட்டு வந்த சொல்லைத்தான் மூடியில் எழுதினோம். வெளியே எழுதினால் உம்மா பகிடி பண்ணிச் சிரிப்பார் என்று உள்பக்கத்தில் எழுதினோம்.

அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே பேர்தான் என்று நான் வந்து சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "வேகாததுக்கும் வெந்ததுக்கும் ஒரு பேரா? அப்ப அவங்கட ஊட்டுல ஆரு சமைக்கிற?"

கடைசியில் மாசி மட்டும் மிஞ்சியது. சம்பலுக்கு நாம் இடித்துப் போடும் அந்தக் காய்ந்த மீன் துண்டுக்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று டீச்சருக்கும் தெரியவில்லை. பெரிய அகராதி பார்த்துச் சொல்கிறேன் என்றார். "கேட்டுக்கொண்டு வா கா, எழுதுவம்" என்று மூடியை வெறுமையாக விட்டீர்கள். வயிற்றில் பிள்ளையோடு நீங்கள் ஆசுப்பத்திரிக்குப் போனது அந்தக் கிழமைதான். பிறகு எனக்கு டீச்சரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வாப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "நோன்பு லீவோட பள்ளிக்குடம் காணும் மகள், நிண்டுடு. புள்ளட வாப்பா கடலுக்குப் போறவரு, புள்ளயப் பாக்க ஆளில்ல. உம்மா தறிய உட்டு எழும்பினா நாம என்னத்தத் திங்கிற?" கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

இன்றைக்கு லீவுக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்தால், முற்றத்துப் பாயில் பேணிகள் எல்லாம் மினுங்கிக்கொண்டு காய்கின்றன. நோன்புக்கு முன்னால் வீட்டில் ஒரு சாமான் மிஞ்சாமல் உம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பார் என்பதை நான் மறந்தே போனேன். புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூடிகளைப் புரட்டினேன். எல்லா எழுத்தும் அப்படியே இருந்தது.

உம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். "உள்பக்கம் சாம்பல் வெக்கல்ல. ராத்தாட எழுத்தல்லவா கிடக்கு."

"ஒங்களுக்குத் தெரியுமா உம்மா?"

"சீரகத்துல கரி மணக்கக்குள்ள தெரியாமலா? எனக்கு வாசிக்கத்தான் தெரியா. என்ன கிடக்கு, சொல்லு."

ஒவ்வொன்றாக வாசித்தேன். உம்மா பிள்ளையின் முதுகைத் தட்டித் தட்டி, மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கியூமின். பெப்பர். டேமரின்ட். கடைசி மூடியைத் தானே எடுத்துப் பார்த்தார்.

"இது ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"மாசிக்குப் பேர் தெரியா உம்மா. பள்ளிக்குடத்துல கேட்டுத்தான் எழுதணும்."

உம்மா மூடியை என் கையில் தந்தார். "அப்ப கேட்டுக்கொண்டு வா" என்றார். "தொட்டிலத் தறிக்குப் பக்கத்துல கட்டுவம். தொட்டில் கயித்த மிதிபலகையில கட்டினா, தறிய மிதிக்கக்குள்ள தொட்டிலும் ஆடும். வாப்பாட்ட நான் கதைக்கன்."

வாப்பா இன்னும் சம்மதித்து ஓம் என்று சொல்லவில்லை, ராத்தா. நாளைக்குக் காலையில் உம்மா கதைப்பார். இந்த மங்கல் வெளிச்சத்தில் எழுத்தும் உங்கள் எழுத்துப் போலக் கோணிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் அடுப்புத் தட்டில் நீங்கள் வைத்த கரித்துண்டை எடுத்துக் கடதாசியில் சுற்றி, புத்தகப் பைக்குள் வைத்துவிட்டேன். மாசிப் பேணியின் மூடியை வெறுமையாகவே மூடியிருக்கிறேன். லீவு முடிந்ததும் டீச்சரிடம் நான் கேட்கும் முதல் சொல் அதுதான்.