பேனாவில் எழுதிய பதினான்கு

காலையில் நீங்கள் என்னிடம் விட்டுச்சென்ற கருவிப் பையைத் திறந்ததும் இன்சுலேஷன் டேப் வாசனை முகத்தில் அடித்தது. அடியில் நாம் வேலைக் குறிப்பு எழுதிவந்த நோட்டும், அதில் செருகிய உங்கள் பேனாவும். இரண்டையும் எடுத்துக்கொண்டு பூலாம்பாடிக்குப் பஸ் ஏறியவன் இப்போதுதான் அரியலூர் திரும்பியிருக்கிறேன். சட்டையைக்கூட மாற்றவில்லை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

வரதராஜன்பேட்டைப் படிப்பகம் நினைவிருக்கிறதா? நீங்கள் டெலிபோன் வேலையிலிருந்தும் நான் இயற்பியல் வகுப்பிலிருந்தும் ஓய்வு பெற்றபின், சேர்ந்து வைஃபை மாட்டிய முதல் இடம். ஒரே ஹாலில் நான்கு வைஃபை பெட்டிகள். "எல்லாத்தயும் ஃபுல்லா வையுங்க வாத்தியாரே, பிச்சிக்கிட்டுப் போவும்" என்றீர்கள். வைத்தேன். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றியது. நீங்கள் ஏணியில் ஏறி இறங்கி ஒவ்வொரு கேபிளாக மாற்றினீர்கள். எனக்குக் காரணம் தெரிந்த மாதிரி இருந்தது. தப்பாகிவிட்டால்? ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நோட்டைப் புரட்டியபோது, ஓரத்தில் பென்சிலால் மெல்லிசாக நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டீர்கள்: 'சக்தியை 23 டெசிபலிலிருந்து 14க்குக் குறைக்கலாம்.'

"இத எப்ப எழுதுனீங்க?"

"பதினோரு மணிக்கு."

"அட மனுஷா! அஞ்சு மணி வரைக்கும் என்னை ஏணியில காயப்போட்டுட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே குறைத்தீர்கள். பக்கங்கள் திறந்தன. உங்கள் பேனாவை எடுத்து என் 14 மேல் அழுத்தி எழுதினீர்கள். "இனிமே பேனாவுல எழுதுங்க. தப்புன்னா அடிச்சிட்டு எழுதிக்கலாம்."

இன்று பூலாம்பாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்குப் போனிலேயே மாதிரித் தேர்வு. நாற்பது போன்கள், ஒரே நேரத்தில். ஏற்கெனவே இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. மையத்தை நடத்தும் பெண் என்னைக் கூப்பிட்டிருந்தார். "இன்னிக்கும் நின்னா பெரம்பலூருக்கு மாத்திடுவாங்க சார். கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க எப்புடி அங்க போவாங்க?"

பெட்டிகள் எல்லாம் 23. மாட்டியவர் பெருமையாகச் சொன்னார்: "இதுக்கு மேல ஏத்த முடியாதுங்க."

"குறைக்கணும்" என்றேன்.

"சிக்னலே பத்தலைங்கறாங்க, நீங்க குறைக்கச் சொல்றீங்களே பெரியவரே!"

வழக்கம்போல என் கை பென்சிலைத் தேடியது. நல்லவேளை, நோட்டில் உங்கள் நீலப் பேனா எழுத்து கண்ணில் பட்டது. சொல்லிவிட்டேன்: பெட்டியின் குரல் போனுக்குக் கேட்கிறது, போனின் சின்னக் குரல் பெட்டிக்குக் கேட்பதில்லை, கடைசி வரிசைப் போனும் வாசல் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொள்கிறது; குறைத்தால் அதன் பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, ஒன்பது குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. "குறைங்க" என்ற என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குறைத்தார். தேர்வு ஓடியது! ஜன்னல் மூலையில் மட்டும் இரண்டு போன்கள் திணறின. அந்தப் பக்கத்துப் பெட்டியை மட்டும் 16 ஆக்கச் சொன்னேன், பிடித்துக்கொண்டன. மடியில் குழந்தை தூங்க, ஒரு பெண் கடைசிக் கேள்வியை முடித்து நிமிர்ந்தார். நாற்பது பேரும் முடித்துவிட்டார்கள். அடுத்த மாதமும் தேர்வு பூலாம்பாடியில்தான்.

பஸ்ஸில் வரும்போதே நோட்டில் குறித்துவிட்டேன். முதலில் எல்லாவற்றுக்கும் 14 என்று எழுதி, மூலைப் பெட்டிக்கு மட்டும் அதை அடித்து 16 ஆக்கினேன். பஸ் குலுக்கலில் எழுத்து கோணல்தான். ஆனால் பேனா, உங்கள் பேனா.