மறுக்க முடியாத முகம்

12-7-2004, திங்கள்

இன்று சேரப்பணஞ்சேரியில் ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஊரில் கம்பெனிக்கு நிலம் தராத கடைசி ஆள் அவன்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே பேசினான்.

"உம்மேல கோவம் இல்லண்ணா. உன் மூஞ்சியப் பாத்தா இல்லன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஊரு மொத்தமும் அப்படித்தான கையெழுத்து போட்டுச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் புரோக்கர் தொழிலுக்கு இந்த முகம்தான் முதல். எந்த வீட்டிலும் எடுத்தவுடன் நிலத்தைப் பற்றிப் பேசமாட்டேன். வீட்டு நலம்தான் விசாரிப்பேன்.

"மாடு கன்னு போட்டுச்சா ஏழுமல?"

அவன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்.

"பேனாவக் குடுண்ணா."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சரசு சோறு போட்டாள். மணிமங்கலத்தில் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த நிலத்தையும் கம்பெனியில் கேட்கிறார்கள். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"முட்டி வலி எப்படி இருக்குது சரசு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நிலத்தைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.