கைக்கும் இடம் வேண்டும்

பிப்ரவரி 9

டிரெய்லர் வந்துவிட்டது. சோபா, பீரோ ஏற்றிக்கொண்டிருந்த பழைய சரக்கு டிரெய்லர். ஜன்னல் கிடையாது, வெறும் தகரப் பெட்டி. மச்சினன்தான் தன் வண்டியில் கோத்து இழுத்து வந்தான். அவன் வெல்டிங் பட்டறைக்காரன், சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தான். அடிச்சட்டம் கெட்டி, கூரைதான் ஒழுகும் என்றான். நல்லதைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்தத் தெரியாது இவனுக்கு.

பின்கதவு அப்படியே சாய்ந்து தரையைத் தொடும். பீரோ ஏறுகிற கதவில் சக்கர நாற்காலி ஏறாதா என்ன? அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிப்ரவரி 11

இந்த வயசில் எதற்கு இந்த வேலை என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சும்மா, பொழுது போக வேண்டாமா என்று சொல்லி வைத்தேன்.

நிஜம் வேறு. நரம்புக் கோளாறில் கால் போனபிறகு என் மனைவி ஒரே ஒரு தடவைதான் வெளியூர் வந்தாள், மச்சினன் மகள் கல்யாணத்துக்கு. விடுதியில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். திருப்பத்தில் ஒருவன், பாத்து, சுவத்துல இடிக்கப் போகுது என்றான். பீரோவுக்குச் சொல்கிற அதே குரல். வீடு திரும்பியதும் இவள் சொன்னாள்: "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம். நான் எங்கயும் வரல."

அதோடு சரி. ஊர் சுற்றுவதென்றால் முதல் ஆளாகப் பை கட்டுகிறவள், இப்போது சொந்த அக்கா வீட்டுக்குக்கூடப் போவதில்லை. எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 20

மழை. கூரை ஒழுகுகிறது. மச்சினனிடம் மூச்சு விடப்போவதில்லை.

மார்ச் 3

ஜன்னல் வெட்டினேன், படுத்தபடியே வெளியே தெரிகிற உயரத்தில். சுவரெல்லாம் தெர்மோகோல் வைத்து மேலே பிளைவுட். வெயிலில் கை வைக்க முடியாமல் கொதித்தது, இப்போது பரவாயில்லை.

இவள் எட்டிப் பார்க்க வந்தாள். முடியட்டும், அப்புறம் பார் என்று விரட்டிவிட்டேன். என்னை வச்சு அளவு எடுக்க வேண்டாமா என்றாள். அதெல்லாம் ஆச்சு என்றேன். மத்தியானம் அவள் தூங்கும்போது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அளந்துவிட்டேனே! காலமெல்லாம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவனுக்கு ஓர் அகலம் எடுக்கத் தெரியாதா?

மார்ச் 17

வேலை முடிந்தது. வலது பக்கம் அவள் கட்டில், இடது பக்கம் என் கட்டில், நடுவில் நடை. அவள் கட்டில் நாற்காலி உயரம்தான், தானே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். முன்கோடியில் அடுப்பு மேடை, முட்டி உள்ளே போகிற மாதிரி அடியில் காலியாக விட்டது. மூலையில் கழிப்பறை. கதவின் சரிவு அதிகமாக இருந்தது, மச்சினன் பலகையை நீட்டிக் கொடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது. நாளைக்குக் காட்டுகிறேன்.

மார்ச் 18

நன்றாக வந்திருக்கிறதாம்! என் மூஞ்சி.

சரிவில் தானே உருட்டி ஏறினாள். மூச்சு வாங்கியது. கை கொடுக்கப் போனேன், முறைத்தாள். ஏறிவிட்டாள். நடைக்குள் நுழைந்ததும் நின்றுபோனாள். சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை, இரண்டு பக்கமும் கட்டில் சட்டத்தில் விரல் உரசுகிறது. மறுபடி தள்ளினாள். தோல் உரிந்தது. நான் பின்னால் போய்ப் பிடித்துத் தள்ளினேன், நாற்காலி சுலபமாக அடுப்பு வரை ஓடியது. பாத்தியா, போகுதுல்ல என்றேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாற்காலி போகுது. நான் போகல."

வெறும் நாற்காலியை அளந்திருக்கிறேன். சக்கரத்தைப் பிடிக்கிற கையை அளக்கவில்லை. அது மனசில் உதிக்கவே இல்லை— வீட்டில் எப்போதும் தள்ளுவது நான்தானே.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல்? நான் கூடத்தானே இருக்கப்போறேன், நான் தள்ளினா தேஞ்சா போயிடுவே என்று கத்திவிட்டேன். உள்ளே திரும்ப இடமில்லாததால் பின்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் என்னைப் பிடிக்கச் சொன்னாள்.

மார்ச் 19

டிரெய்லர் பக்கமே போகவில்லை. பேச்சும் இல்லை.

மார்ச் 21

அவளே பேச்சை எடுத்தாள். உங்க கட்டிலைக் கழட்டிடுங்க என்றாள். நான் எங்கே படுப்பதாம்? அவள் கட்டிலுக்கு மேலே, ரயிலில் படுக்கிற மாதிரி. முட்டி தேய்ந்த மனுஷன் ஏணி ஏறவா என்றேன். ராத்திரி உனக்கு ஒன்று வேண்டுமென்றால் நான் இறங்கி வருவதற்குள் விடிந்துவிடும் என்றேன்.

"வேணும்னா கூப்பிடறேன். கூப்பிடாம நீங்க இறங்க வேண்டாம்."

சரி என்றேன். மனசே இல்லை. அவள் புரண்டு படுத்தாலே எனக்கு முழிப்பு வந்துவிடும். அதெல்லாம் வேண்டாம் என்றால்— பிறகு நான் எதற்கு?

மார்ச் 26

என் கட்டிலைப் பிரித்துவிட்டேன். இந்தத் தடவை அவளையே நடுவில் உட்காரவைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி முழுசாகத் திரும்பச் சொன்னேன். முழங்கை போகிற இடமெல்லாம் தரையில் சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு உள்ளே ஒரு ஆணிகூட வராது. வேண்டுமென்றே இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். சிரிப்பு வேறு.

மச்சினன் மேல்கட்டிலுக்குச் சட்டம் பற்றவைத்தான். "உங்களை அளக்க வேண்டாமா மாமா, தொப்பையோட?" என்றான். கொழுப்பு.

ஏப்ரல் 2

மேல்கட்டிலில் ஏறிப் பார்த்தேன். மண்டையில் இடித்துப் புடைத்திருக்கிறது.

ஏப்ரல் 13

மச்சினன் வண்டியை இரவல் வாங்கி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு நேற்று நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். புழுக்கம் என்று பின்கதவை இறக்கியே வைத்து, கொசுவலையை மட்டும் தொங்கவிட்டுப் படுத்தோம். வண்டி ஓட்டிய அசதி, அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன்.

காலையில் விழித்துக் கீழே பார்த்தால் கட்டில் காலி. நாற்காலியும் இல்லை. ஏணியில் எப்படி இறங்கினேனோ, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பக்கத்தில் தண்ணீர் ஆச்சே— கூப்பிட்டிருப்பாளோ, எனக்குத்தான் காது கேட்கவில்லையோ—

கரையோரச் சிமெண்டுப் பாதையில் இருந்தாள். முகம் கழுவி, தலை வாரி, தூண்டில் போட வந்த யாரோ ஒரு அம்மாவோடு சாவகாசமாகப் பேச்சு. கையில் டீ. தானே போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்னை எழுப்பக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். எதுக்கு? ஒன்றும் அகப்படவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, சந்தோஷம்தான். தூண்டில்கார அம்மா பார்க்காத மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டார்.

"பல்லுகூட விளக்காம ஓடி வந்திருக்கீங்க. போய் விளக்கிட்டு வாங்க, உங்களுக்கும் டீ இருக்கு."

போய் விளக்கிவிட்டு வந்தேன்.